அவளுக்கு இரண்டே முக்கால் லட்சம், அவனுக்குப் பதினாறாயிரத்து ஐந்நூறு

ஜனவரி 19, ஞாயிறு

மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த கடையநல்லூர்க்காரர்கள் இப்போதுதான் கார் ஏறினார்கள். ஐந்து பேர். உளுந்தவடையைச் சட்னி கேட்டுக் கேட்டுத் தின்றார்கள். பெண்ணின் பெரியப்பா மட்டும் நான்கு தின்றார். தின்று கை கழுவிவிட்டு வந்து, "தம்பி என்ன வேலை பாக்குறதாச் சொன்னீங்க?" என்று கேட்டார். பேப்பரில் நிருபர் என்றாள் என் மருமகள் பகவதி.

"அது சரிம்மா. சம்பளத்துக்கு என்ன வேலை பாக்காரு?"

என் பேரன் கதிரேசன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சம்பளம் பதினாறாயிரத்து ஐந்நூறு, பெட்ரோலுக்கு இரண்டாயிரம் தனி என்று நானே சொன்னேன். அவர் செல்போனைப் பார்த்தார். பெண்ணின் அம்மா முந்தானையைச் சரிசெய்தாள். முந்தானையைச் சரிசெய்தால் எழுந்து போகப்போகிறார்கள் என்று அர்த்தம். இது பதினோராவது வீடு, எனக்குத் தெரியாதா?

இதை எழுதி வைக்கிறேன். நான்காம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆனால் எழுதி வைக்காவிட்டால் நாளைக்கு நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லை என்பார்கள். என்னிடம் அப்படிச் சொன்னவர்கள் பல பேர். இந்த டைரி என் பேத்தி வடிவு கொடுத்தது. மருந்துக் கம்பெனிக்காரர்கள் டாக்டர்களுக்குக் கொடுப்பதாம். பக்கத்துக்குப் பக்கம் மூலையில் ஒரு மாத்திரைப் படம்.

ஜனவரி 20, திங்கள்

கடையநல்லூரில் இருந்து போன். ஜாதகம் பொருந்தவில்லையாம். ஜாதகம் பொருந்திய பிறகுதானே வடை தின்ன வந்தார்கள்.

ஜனவரி 22, புதன்

கல்யாணத் தரகர் கொம்பையா வந்தார். பகவதி சத்துணவு மையத்துக்குப் போயிருந்தாள். அவள் அங்கே அமைப்பாளர், மூன்று மணிக்குத்தான் வருவாள். கொம்பையாவுக்கு மோர் கொடுத்தேன். பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

மாவு அரைத்தேன். கிரைண்டர் சத்தம் மாறியிருக்கிறது.

ஜனவரி 26, ஞாயிறு

வடிவு திருநெல்வேலியில் இருந்து வந்தாள். ஸ்கேன் படங்களைப் பார்த்து, உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுக்கிற டாக்டர் அவள். ஊசி போடமாட்டாள், மருந்தும் எழுதமாட்டாள். டாக்டர் படிப்பு முடித்து இதற்கென்றே மேலும் மூன்று வருஷம் படித்தாள். மாதம் இரண்டே முக்கால் லட்சம். லீவு நாளிலும் லேப்டாப்புக்குப் படம் வந்துகொண்டே இருக்கும்.

சாப்பாட்டு மேஜையில் ஒரு பக்கம் அவள் லேப்டாப், எதிர்ப்பக்கம் கதிரேசன் லேப்டாப். நடுவில் உட்கார்ந்து நான் சின்ன வெங்காயம் உரித்தேன். அரைக் கிலோ உரித்து முடிப்பதற்குள் அவள் ஏழு படம் பார்த்து எழுதி அனுப்பிவிட்டாள். அவன் ஒரே ஒரு செய்தி. ஆடு திருட்டு. அதற்கும் ஸ்டேஷனுக்கு மூன்று தடவை போன்.

"ஏட்டி, ஒரு படத்துக்கு எவ்வளவு?"

"ஞாயித்துக்கிழமை பாக்கிறதுக்குத் தனி ஆச்சி. எம்.ஆர்.ஐ.ன்னா நானூறு."

"ஏல, உனக்கு ஆட்டுக்கு?"

"ஆட்டோட மதிப்பு பன்னெண்டாயிரம்னு எஃப்.ஐ.ஆர்.ல இருக்கு ஆச்சி."

"உனக்கு எவ்வளவுன்னு கேட்டேன்."

மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு எட்டுச் செய்தியாவது அனுப்புகிறான். ஒரு செய்திக்கு எழுபது ரூபாய்கூட விழவில்லை. மார்ச்சுவரி வாசலில் மூன்று மணி நேரம் நின்றாலும் அதே எழுபதுதான்.

"ரெண்டு பேரும் கண்ணால பாத்ததைத்தான எழுதுதிய. பெறகு ஏன்ல இப்பிடி?"

"அவ தப்பா எழுதுனா ஆளு செத்துப்போவான் ஆச்சி. நான் தப்பா எழுதுனா மறுநாள் நாலு வரி வருத்தம் போட்டாப் போதும்."

வடிவு படத்தில் இருந்து கண்ணை எடுக்காமலே, "அண்ணன் சரியா எழுதுனாத்தான் ஆச்சி ஆபத்து" என்றாள்.

இவர்கள் அப்பா, என் மகன் சங்கரலிங்கம், 2011இல் தவறிப்போனான். கதிரேசன் அப்போது பிளஸ் டூ. டாக்டர் சீட்டுக்கு ஒன்றரை மார்க் குறைந்தது. அடுத்த வருஷம் திரும்ப எழுதுகிறேன் என்றான். எழுதவில்லை, வேலைக்குப் போய்விட்டான். வடிவு படித்தாள்.

அவளுக்கு வந்த வரன்களும் நிற்கவில்லை. போன ஐப்பசி ஏழாம் தேதி ஒரு என்ஜினியர் பையனின் அம்மா இதே மேஜையில் உட்கார்ந்து, "இவ்வளவு சம்பளம் வாங்குற பிள்ளை என் மகனுக்கு ஒரு வாய் காப்பி போட்டுக் குடுக்குமா?" என்று கேட்டாள். கேட்டபோது அவள் குடித்துக்கொண்டிருந்தது வடிவு போட்ட காப்பி. சம்பளம் கூடினாலும் கல்யாணம் இல்லை, குறைந்தாலும் இல்லை. எவ்வளவு வாங்கினால் சரி என்று ஒருத்தரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள்.

ஜனவரி 29, புதன்

கொம்பையா வந்தார். இன்றைக்குப் பகவதி வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்தார்.

"ஆச்சி, ரெண்டு ஜாதகத்தையும் எடுங்க. பைபாஸ் ரோட்டு ஆஸ்பத்திரி மந்திரமூர்த்தி இருக்காருல்லா, அவரு மகன் சீனிவாசகம், இருதய டாக்டர். மாசம் ஆறு லட்சம். நம்ம வடிவைக் கேக்காவ."

"ரெண்டாவது ஜாதகம் எதுக்கு?" என்றாள் பகவதி.

"அவருக்கு ஒரு மகளும் இருக்கா. கனகா. பி.எட். முடிச்சிருக்கு. அதை நம்ம கதிரேசனுக்குத் தாரேங்காரு. பொண்ணைக் குடுத்துப் பொண்ணை எடுக்கது. ஒரே மண்டபம், ஒரே முகூர்த்தம்."

"குண்டாமாத்தா? இந்தக் காலத்துலயா? யாரு குடுத்த யோசனை இது?"

கொம்பையா என்னைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன்.

"எல்லாம் தன்னால அமையிறதுதாம்மா" என்றார்.

அவர் போன பிறகு பகவதி என்னிடமும் கேட்டாள். எனக்கென்ன தெரியும் என்றேன். மதியச் சாப்பாடு இறங்கவில்லை. அப்பளத்தில் எண்ணெய் அதிகம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

வந்துவிட்டுப் போனார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மந்திரமூர்த்திக்குச் சட்டைப் பையில் இரண்டு செல்போன். அவர் மனைவி நகை அதிகம் போடவில்லை. போடாமல் இருக்க நிறைய இருக்கவேண்டும். டாக்டர் பையன் சீனிவாசகம் மரியாதையானவன், செருப்பை ஒழுங்காக ஜோடி சேர்த்துக் கழற்றினான். வடிவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"ஒரு நாளைக்கு எத்தனை எம்.ஆர்.ஐ. பாப்பீங்க?"

"நாப்பது."

தலையை ஆட்டிக்கொண்டான். பெண் பார்க்க வந்தவன் பெண்ணைப் பார்த்தான் என்று என்னால் சொல்லமுடியாது.

அவன் அப்பாதான் விளக்கினார். "ஆச்சி, புதுசா எம்.ஆர்.ஐ. மெஷின் எறக்குதோம். வெளியாளைப் போட்டா மூணு லட்சம் குடுன்னு நிக்கான். மருமக வந்துட்டா வீட்டுப் பணம் வீட்லயே நிக்கும்லா."

பிறகு கதிரேசன் பக்கம் திரும்பினார். "மாப்ளைக்குப் பேப்பர்ல என்ன குடுக்கான்?"

கதிரேசன் சொன்னான்.

"நம்ம ஆஸ்பத்திரி வாட்ச்மேனுக்கே பதினெட்டு. விட்டுருங்க மாப்ள. மேனேஜரா வந்து உக்காருங்க, அறுபத்தஞ்சாயிரம் போட்டுத் தாரேன். பேப்பர்க்காரங்க எல்லாம் பழக்கமா இருப்பாங்கள்லா, அது போதும்." காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "போன மாசம் மேற்குக் குளத்துல ஊசியும் ரத்தப் பையும் கெடக்குன்னு ஒண்ணு எழுதியிருந்தீங்களே. யாரு கொட்டுனதுன்னு பேரு போடல. நல்லது" என்றார்.

"பேரு இன்னும் உறுதியாகல சார்."

"உறுதியாக வேண்டாமே, மாப்ள."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதையும் எழுதி வைக்கிறேன், நானும் சிரித்தேன்.

கனகா அடுக்களைக்கு வந்து, சொல்லாமலே தம்ளர்களைக் கழுவினாள். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத பெண். வை தாயி என்றதற்கு, "இருக்கட்டும் ஆச்சி, வீட்ல இதுக்கெல்லாம் ஆள் இருக்கு. ஆள் இல்லாத வீட்ல கழுவுனா நல்லாருக்கு" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அதுதான் கஷ்டம்.

அவர்கள் போன பிறகு நினைத்துப் பார்த்தேன். வடிவின் இரண்டே முக்கால் லட்சம் ஒன்றுமில்லாமல் போகிறது. கதிரேசனின் பதினாறாயிரத்து ஐந்நூறு அறுபத்தைந்து ஆகிறது. ஆனாலும் அவனுக்குக் கல்யாணம் ஆகிறதே. முப்பத்தொன்று முடியப்போகிறது. தலையில் முன்பக்கம் முடி குறைகிறது, நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இரண்டு பேருமே சரி என்று சொல்லிவிட்டார்கள். 23ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். இரண்டு தாம்பூலத் தட்டு. மூத்தவள் என்பதால் இரண்டையும் நான்தான் மாற்றவேண்டும்.

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் வடிவை பஸ் ஏற்றிவிடப் போனேன். பஸ் திரும்பும்போது அவள் என் வலது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு அந்த ஆளைப் பிடிக்கல ஆச்சி. வெறுப்பும் இல்ல. ஒண்ணுமே இல்ல."

"பெறகு எதுக்குட்டி சரின்ன?"

"அண்ணனுக்காக. அவன் அன்னைக்குத் திரும்ப எழுதியிருந்தா இந்தச் சம்பளம் அவன் வாங்கியிருப்பான். வீடு வீடாப் போயி பதினாறாயிரம்னு சொல்லிட்டு நிக்கமாட்டான். அவன்கிட்ட சொல்லிராதீங்க. என் மேல சத்தியம்."

பஸ் போய்விட்டது. நான் திரும்பி வரும் வழியில் கறிவேப்பிலை வாங்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

கதிரேசன் பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தான். நான் வாளியை நகர்த்தப் போனபோது ஈரக் கையோடு என் இடது கையைப் பிடித்தான்.

"ஆச்சி, எனக்கு அந்த மேனேஜர் வேலை பிடிக்கல. அவரு என்னை வேலைக்கு எடுக்கல, வாயை மூட எடுக்காரு."

"அப்பம் மாட்டேன்னு சொல்லேம்ல."

"வடிவு மறுபேச்சு இல்லாமச் சரின்னுட்டா பாத்தியளா? அவளுக்கு அந்த டாக்டரைப் பிடிச்சிருக்கு. நான் மாட்டேன்னா அவளுக்கும் நின்னுரும்லா. நீங்க அவகிட்ட ஒண்ணும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

வலது கையில் அவள் சத்தியம், இடது கையில் இவன் சத்தியம். தோசை சுட்டேன், இரண்டு கருகின.

பிப்ரவரி 5, புதன்

பிரஷர் நூற்றெழுபது. உப்பைக் குறையுங்கள் அத்தை என்றாள் பகவதி. உப்பா?

பிப்ரவரி 8, சனி

காலையில் கதிரேசன் மேற்குக் குளத்துக்குப் போய்விட்டு வந்தான். பேன்ட் முழங்கால் வரைக்கும் சேறு. செல்போனில் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே நின்றான். எனக்கும் காட்டினான். கிழிந்த மஞ்சள் பை, உள்ளே ஊசிகள். பையின் மேல் அச்சடித்த பேர். எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். கூட்டிப் பார்த்தேன். நிச்சயதார்த்தத் தாளில் சம்பந்தி பேரோடு அடிக்கக் கொடுத்திருக்கிற அதே ஆஸ்பத்திரிப் பேர்.

"மாடு தண்ணி குடிக்கிற துறை ஆச்சி. பக்கத்துலயே பிள்ளைக குளிக்குது."

அவன் ஆபீசில் இருந்து போன் வந்தது. "பாத்துட்டிருக்கேன் சார். இன்னும் ஒண்ணும் கெடைக்கல" என்றான். பதிமூன்று வருஷமாக அவன் போனில் பேசுவதைக் கேட்கிறேன். வேலையில் அவன் பொய் சொல்லி இன்றைக்குத்தான் கேட்டேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனான்.

பகவதி நிச்சயத்துக்குக் கூப்பிடவேண்டியவர்களை எழுதிக்கொண்டிருந்தாள். "அத்தை, திருவேங்கடத்துல இருக்கிற மாமாவைக் கூப்பிடணும். உங்களுக்குன்னு இருக்கிற ஒரே அண்ணன்."

கூப்பிடு என்றேன். அவன் வீட்டில் நான் பச்சைத் தண்ணீர் குடித்து ஐம்பத்திரண்டு வருஷம் ஆகிறது. ஏன் என்று பகவதி கேட்டதில்லை. கேட்டாலும் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

பிப்ரவரி 12, புதன்

கொம்பையா போன். மண்டபத்துக்கு ஏ.சி. உண்டாம். சரி என்றேன்.

பிப்ரவரி 13, வியாழன்

இன்று ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

நிச்சயப் பட்டு எடுக்கத் திருநெல்வேலி போனோம். இரண்டு வீட்டாரும். வடிவு ஒரு சேலையைக் காட்டி, சரி இதுவே போதும் என்று முதல் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டு போனில் ஸ்கேன் படம் பார்க்கப் போய்விட்டாள். கனகாவும் நானும் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தோம்.

"ஆச்சி, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்குவீங்களா?"

"கேளு தாயி."

"எங்க அண்ணனுக்கும் உங்க பேத்திக்கும் ஒத்து வரலைன்னு வைங்க. அவங்க கோவிச்சுக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்துட்டா, என்னையத் திருப்பி அனுப்பிருவீங்களா?"

நான் ஜமக்காளத்து நூலைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"எங்க அம்ம சொல்லுதாவ. அவ அங்க வந்துட்டா நீ உடனே இங்க வந்துரணும், உம் புருசன் நல்லவனா கெட்டவனான்னு எல்லாம் யோசிக்கக் கூடாதுன்னு. கல்யாணத்துக்கு முந்தியே சொல்லுதாவ."

"அதெல்லாம் அந்தக் காலம்" என்றேன்.

"அந்தக் காலத்துல அனுப்புவாவளா ஆச்சி?"

கடைக்காரப் பையன் ஒரு பச்சைப் பட்டை விரித்து அவள் தோளில் போட்டான். பச்சை வேண்டாம், எடு, எடு என்று சத்தம் போட்டுவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குப் பச்சை நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 17, திங்கள்

எழுதிவிடுகிறேன்.

1969 ஆவணியில் எனக்குக் கல்யாணம். அதே பந்தலில், அதே முகூர்த்தத்தில் என் அண்ணனுக்கும். என்னை இந்த வீட்டுக்குக் கொடுத்து, இந்த வீட்டுப் பெண் ராமலட்சுமியை அவனுக்கு எடுத்தார்கள். என்னைப் பெற்றவர்கள் ஒரு செலவில் இரண்டு காரியம் என்று சந்தோஷப்பட்டார்கள்.

1972 செப்டம்பர் 14, வியாழக்கிழமை. ராமலட்சுமி பக்கத்து வீட்டுப் பெண்களோடு சொல்லாமல் சினிமாவுக்குப் போய்விட்டாள் என்று என் அண்ணன் குடைக் கம்பால் அடித்துவிட்டான். அவள் ஒரு மணி பஸ்ஸில் இங்கே வந்து இறங்கினாள். நான்தான் தண்ணீர் கொடுத்தேன். என் மாமியார் அவள் முதுகைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அடுக்களைக்கு வந்து, "எம்மவ வந்துட்டா. நீ கெளம்பு" என்றாள். திட்டவில்லை, கையை நீட்டவில்லை. கிளம்பு, அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் வாசல் திண்ணைக் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் வந்த பஸ்தான் ஒன்றே முக்காலுக்குத் திரும்பிப் போகும். அதிலேயே ஏறினேன். அதே கண்டக்டர். "இப்பதான ஒரு பொம்பளை அழுதுக்கிட்டு எறங்குனா, நீ அழுதுக்கிட்டு ஏறுத" என்றான்.

சங்கரலிங்கத்துக்கு அப்போது பத்து மாசம். ஆம்பளைப் பிள்ளை இந்த வீட்டுப் பிள்ளை என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். பால்குடி மறக்காத பிள்ளை. நான் கட்டியிருந்தது பச்சைச் சேலை. திருவேங்கடம் போய்ச் சேருவதற்குள் முன்பக்கம் பூராவும் பாலில் நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு இறங்கினேன். என் அண்ணன் வாசலில் நின்றான்.

"நீ எதுக்கு வந்த?" என்று கேட்டான்.

ஏழு மாசம் பதினொரு நாள். அவன் போய் ராமலட்சுமியைக் கூப்பிடமாட்டேன் என்று வீம்பாக இருந்தான். அவன் கூப்பிடாத வரைக்கும் இவர்களும் என்னைக் கூப்பிடவில்லை. 1973 ஏப்ரல் 25, புதன்கிழமை அவன் மனசு இறங்கிப் போனான். அன்றைக்கே நான் திரும்பி வந்தேன். சங்கரலிங்கம் ராமலட்சுமி இடுப்பில் இருந்தான். நான் கையை நீட்டினேன். அவன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்து அழுதான்.

அவள் அன்றைக்கு என் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிப் போனபோது என் பிள்ளை அவள் பின்னால் தெருமுனை வரைக்கும் தவழ்ந்தும் நடந்தும் ஓடினான்.

இன்னொன்றும் எழுதவேண்டும். ஜனவரி 22ஆம் தேதிப் பக்கத்தில் கொம்பையாவோடு பொதுவாகப் பேசியதாக எழுதியிருக்கிறேன். பொய். பேத்தியைக் கேட்டு வருகிற வீட்டில் ஒரு பெண் இருந்தால் பாரும், அவளை வைத்து இவனையும் முடித்துவிடலாம் என்று சொன்னது நான். இத்தனையும் தெரிந்த நான். பதினோரு வீட்டுக்காரர்கள் சம்பளத்தைக் கேட்டு எழுந்து போனதில் எனக்குக் கண் மறைத்துவிட்டது. அவள் சம்பளத்தைக் காட்டி அவனை விற்கப் பார்த்தேன். என் பெற்றோர் செய்ததாவது தெரியாமல் செய்தது.

பிப்ரவரி 19, புதன்

நெஞ்சு வலிக்கிறது என்று வடிவுக்கு போன் பண்ணினேன். ஒன்றே கால் மணி நேரத்தில் வந்துவிட்டாள். அவள் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பை நான் பார்த்தது இன்றைக்குத்தான்.

"வலி இல்லட்டி. உக்காரு. ஏல, நீயும் வா. பகவதி, அடுப்பை அணைச்சிட்டு வா."

மேஜையில் இரண்டு கையையும் வைத்தேன். "இது உன் சத்தியம். இது உன் சத்தியம். ரெண்டையும் திருப்பி எடுத்துக்கிடுங்க. ஏல, அவளுக்கு அந்த டாக்டரைப் பிடிக்கல. உனக்காகச் சரின்னா. ஏட்டி, அவனுக்கு அந்த வேலை பிடிக்கல. உனக்காகச் சரின்னான்."

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏட்டி, உனக்குப் பிடிச்சிருக்குன்னுல்லா நான்..."

"ஆறு லட்சம் வாங்குறவன்னா பிடிச்சிருமா? கேக்கக் கூடாதா அண்ணே? ஊரு பூராவும் போயிக் கேள்வி கேக்க, வீட்ல கேக்க மாட்டியா?"

"நீ மட்டும் கேட்டியாக்கும்? ஆளுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கிற டாக்டருக்கு என்னையப் பாத்தாத் தெரியல."

பகவதி நாற்காலியில் சாய்ந்தாள். "ஆக, இந்தச் சம்பந்தம் யாருக்குத்தான் பிடிச்சது?"

"எனக்கு" என்றேன்.

காரணம் கேட்டார்கள். 17ஆம் தேதிப் பக்கத்தைத் திறந்து மேஜையில் வைத்தேன். கதிரேசன் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தான். பச்சைச் சேலை வந்த இடத்தில் டைரியை வடிவு பக்கம் நகர்த்திவிட்டான். மிச்சத்தை வடிவு வாய்க்குள்ளேயே வாசித்தாள். பகவதி எட்டி நின்று வாசித்தாள். என் மகன் கதை அவளுக்கும் தெரியாது.

கடைசி வரிகளை வாசித்துவிட்டு வடிவு என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் பிடித்திருந்தாள்.

பிப்ரவரி 20, வியாழன்

மந்திரமூர்த்தி வீட்டுக்குப் பகவதியே போன் பண்ணி, சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அரை மணியில் கொம்பையா வந்து வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"பதினாறாயிரம் வாங்குற பயலுக்கு ஆஸ்பத்திரி முதலாளி பொண்ணு தாராரு, வேண்டாங்கிய! ஊருக்குள்ள நான் எப்பிடித் தலையைக் காட்ட?"

"2003இல புளியங்குடி மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆனதை மறைச்சீரே, அதுக்குப் பெறகும் காட்டிக்கிட்டுத்தான திரியுதீரு" என்றேன்.

"யோசனை குடுத்தது நீங்க ஆச்சி!"

"ஆமா. நான்தான்." பகவதி கேட்கும்படியே சொன்னேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பிப்ரவரி 21, வெள்ளி

கனகா போன் பண்ணினாள். "அப்பா உங்க மேல ரொம்பக் கோவமா இருக்காவ ஆச்சி. நான் இல்ல." அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம், அந்தப் பச்சைச் சேலையை அவளே போய் எடுத்துவிட்டதாகச் சொன்னாள். ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்கு நேர்காணல். அதற்குக் கட்டிக்கொண்டு போவாளாம். பட்டுச் சேலை கட்டிக்கொண்டா போவார்கள் என்று கேட்டேன். சிரித்தாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

தட்டு மாற்றியிருக்கவேண்டிய நாள். முகூர்த்த நேரத்தில் நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எதிரும் புதிருமாக இரண்டு லேப்டாப்.

குளத்துச் செய்தி பேப்பரில் வந்துவிட்டது. ஏழாம் பக்கம், மாட்டுப் படமும் பையின் படமும் போட்டு. கதிரேசன் ஆஸ்பத்திரியின் பேரைப் போட்டுத்தான் அனுப்பியிருந்தான். அச்சில் பையின் மேல் எழுத்து கலங்கலாகத் தெரிகிறது. 'தனியார் மருத்துவமனை ஒன்று' என்று போட்டிருக்கிறார்கள். வருஷா வருஷம் முழுப்பக்க விளம்பரம் கொடுக்கிறவர்களாம்.

"நான் ஸ்கேனைப் பாத்து, கட்டி இருக்கு, ஆனா எந்த எடத்துலன்னு சொல்ல மாட்டேன்னு எழுதுனா எனக்குச் சம்பளம் தருவானா அண்ணே?" என்றாள் வடிவு.

"எங்க ஆபீஸ்ல அப்பிடி எழுதுறவருக்குத்தான் சம்பளம் கூட."

மாலையில் காப்பி குடிக்கும்போது அவன் என் பக்கம் திரும்பினான். "ஆச்சி, உங்க பதினேழாந்தேதிப் பக்கத்தை நான் எழுதட்டுமா? மகளிர் பகுதியில போடுவாங்க. அங்க விளம்பரக்காரன் தொந்தரவு கெடையாது."

"எவ்வளவு தருவான்?"

"எழுநூத்தம்பது."

"ரெண்டு எம்.ஆர்.ஐ. காசுகூட இல்ல ஆச்சி" என்றாள் வடிவு.

ஏழு மாசம் பதினொரு நாளுக்கு எழுநூற்றைம்பது. எழுது என்றேன்.

"பயப்படாதீங்க. ஊரு பேரு, ஆளு பேரு எல்லாத்தையும் மாத்திருவேன்."

"எதுக்கு மாத்தணும்?"

"திருவேங்கடத்துத் தாத்தா இருக்காவளே ஆச்சி. எண்பத்திரண்டு வயசு. டெய்லி பேப்பர் படிக்கிறவுக."

"படிக்கட்டும். கண்ணாடி போட்டுப் படிக்கட்டும். ஏல, மொதல்ல என் பேரைப் போடு, ஆவுடையம்மாள்னு. இந்த வருசம் கொம்பையாகிட்ட குண்டாமாத்து யோசனையை யாரு சொன்னாங்கிறதையும் போடு. அதை விட்டுட்டு மத்ததை எழுதாத. பெறகு எங்க அண்ணன் பேரைப் போடு. டி. ஆறுமுகநயினார். இனிஷியலை விட்டுராத."

அவன் தட்டினான். டி-க்குப் பக்கத்தில் புள்ளி வைத்தானா என்று எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். வைத்திருந்தான்.